எல்லாத்துக்கும் ஓம்

கழுத்தில் ஒரு சின்ன மெசினைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை எங்கள் வேலிப் படலையில் வந்து நின்று, "உம்மா, இங்கயிருந்து கடல் எவ்வளவு தூரம்?" என்று கேட்டதும் நான் படலையின் கொண்டியைப் போட்டேன். கேட்கிற கேள்வியைப் பாருங்கள். அலைச் சத்தத்துக்கு மேலால் நாங்கள் இரண்டு பேரும் கத்திக் கதைத்துக்கொண்டு நிற்கிறோம். கண்ணைத் திருப்பினால் கடல் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறவளுக்கு வேறு ஏதோ தேவை இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.

"ஒனக்கு என்னத்துக்குப் புள்ள அது?" என்றேன்.

தான் பக்கத்து ஊர் பாண்டிருப்பு என்றாள். பெயர் தர்சிகா, கெம்பஸில் படிக்கிறாள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் கடல், மண், மரம் இதுகளைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அளந்து பார்க்கப் போகிறார்களாம். எனக்குச் சிரிப்பும் வந்தது. காணியை அளந்தவர்களைக் கண்டிருக்கிறேன், நெல்லை அளந்தவர்களைக் கண்டிருக்கிறேன். கிழடுகளின் நினைப்பை அளக்க வந்தவளை அன்றைக்குத்தான் கண்டேன். ஆனால் அவள் அந்த மெசினை உயர்த்திப் பிடித்து எதையோ அமத்தி, அதில் விழுந்ததைப் பார்த்து எழுதினாள். சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுபோயிற்று.

"அது என்ன எழுதுற?"

"நாம நிக்கிற இடத்த இது சொல்லும் உம்மா. வேற ஒண்டுமில்ல."

வேறு ஒன்றுமில்லையாம். என் பயத்துக்குக் காரணம் எனக்குப் பின்னால், பூசாத சுவரோடு நின்றது. என் மகள் ஜெஸீலாவுக்கு நான் கட்டிக்கொண்டிருந்த வீடு. சுனாமிக்குப் பிறகு கடலுக்குக் கிட்ட யாரும் வீடு கட்டக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். அரசாங்கக் கந்தோர்க்காரர் வந்து நாடா பிடித்து அளந்து மஞ்சள் கல் நட்டுவிட்டுப் போனார்கள். என் வளவு முழுக்க அந்தக் கல்லுக்குக் கடல் பக்கத்தில் கிடந்தது. அரசாங்க வீட்டுக்கு எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். குலுக்கலில் என் பெயர் விழவில்லை. வாடகை அறையில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு, யுத்தமும் முடிந்து கந்தோர்க்காரரும் ஓய்ந்த நேரம் பார்த்து, வருகிறது வரட்டும் என்று அத்திவாரம் வெட்டினேன். என்னைப் பார்த்து ஒழுங்கை முழுக்கக் கட்டத் தொடங்கிற்று.

வேறு வழியும் இல்லை. எங்கள் கல்முனைக்குடியில் பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் மாப்பிள்ளை. வீட்டைப் பெண்ணின் பெயருக்கு எழுதி, அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையைக் கூட்டி வந்து, பெற்றவர்கள் பின்வளவில் ஒரு கொட்டிலுக்குள் ஒதுங்கிக்கொள்வோம். ஜெஸீலாவுக்கு இருபத்தெட்டு நடக்கிறது. அக்கரைப்பற்றில் கூரை ஓட்டுக் கடையில் வேலைக்கு நிற்கிற சாலிஹ் என்ற பொடியனுக்குக் கேட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஓடு ஏறட்டும், வந்து பார்த்து நாள் குறிக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். ஓடு ஏறுகிற நேரம் பார்த்துத்தான் இவள் மெசினோடு வந்து நிற்கிறாள்.

தலையிடி என்று சொல்லி அவளை மறுநாள் வரச்சொல்லி அனுப்பிவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு காலிதீன் மரைக்காரிடம் ஓடினேன். எங்கள் தாய்வழிக் குடிக்கு அவர்தான் மரைக்கார், பெரியவர். கலியாணமோ மௌத்தோ காணிச் சண்டையோ, எங்கள் குடி ஆட்கள் அவரிடம் போய்க் கதைத்து ஒரு முடிவு எடுத்தால் பிறகு வெளியில் எல்லாருக்கும் ஒரே வாய்தான். நான் போனபோது என்னைப் போல நடுங்கிக்கொண்டு ஒழுங்கைக் கிழடுகள் அத்தனையும் அவருடைய முற்றத்தில் நின்றன. தர்சிகா எங்கள் எல்லாப் படலையிலும் நின்றுவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

"கெம்பஸ் எண்டு சொல்லித்தான் வருவாங்க," என்றார் காலிதீன் மரைக்கார். "ஆரு அனுப்பின எண்டு நமக்கென்ன தெரியும்? நம்மட வாயாலயே கதைய எடுத்துட்டுப் போய், பொறகு வீடு ஒடைக்கிற டோசரோட வருவாங்க."

"அப்ப கதைக்காம கதவச் சாத்திட்டு இருப்பமா?" என்று கேட்டா ஆசியா உம்மா. என் பக்கத்து வளவுக்காரி. வாய் கொஞ்சம் நீளம், மனசு வெள்ளை.

"சாத்தினா அதையும் எழுதுவாங்க. இஞ்ச கேளுங்க. இயக்கம் வந்து கேட்டப்பவும் ஓம் எண்டம். ஆமி வந்து கேட்டப்பவும் ஓம் எண்டம். ஓம் எண்டு சொன்னவன ஆரும் அடிக்கல்ல. அந்தப் புள்ள என்ன கேட்டாலும் எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லுங்க. ஒராள் ஒண்டும் மத்தாள் ஒண்டும் சொல்லப்படா. ஒரு ஆள் மாறிச் சொன்னா, அந்த ஒரு பேப்பர வெச்சிக்கிட்டு மொத்த ஒழுங்கையையும் ஒடைப்பாங்க."

எல்லாரும் தலையாட்டினோம். அந்த யோசனையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சோதனைச் சாவடியில் சிங்களத்தில் கேட்டதற்கு விளங்காமலே ஓம் சொல்லி வீடு வந்து சேர்ந்த நாட்கள் எத்தனை. அந்த வாய் எங்களுக்கு நன்றாகப் பழகிய வாய்.

மறுநாள் தர்சிகா வந்தாள். கூரை போடாத அறைக்குள் சீமெந்துப் பையை மடித்துப் போட்டு இரண்டு பேரும் இருந்தோம். ஜெஸீலா உள்ளுக்குள் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றாள். இந்த வீட்டு வேலை தொடங்கிய நாளில் இருந்து அவள் வாயில் வீட்டுக் கதைதான். இங்கே சாமான் வைக்க இறாக்கை, அங்கே கண்ணாடி, சுவருக்கு எலுமிச்சை நிறம். கடலைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. முந்தியே மௌத்தாகிவிட்ட தகப்பனைப் போல இவளுக்கும் பயம் என்கிற ஒன்று இல்லை என்று நினைத்து நான் ஆறுதல் பட்டுக்கொள்வேன்.

தர்சிகா ஒரு மட்டையைக் காட்டினாள். அதில் சின்னதில் இருந்து பெரிது வரைக்கும் வட்டங்கள். இல்லவே இல்லை என்றால் சின்ன வட்டத்தைத் தொட வேண்டும். முழுக்க முழுக்க ஓம் என்றால் பெரிய வட்டம். அவள் ஒவ்வொரு வசனமாக வாசிப்பாள்.

"பொலித்தீன் பையக் கடல்ல போடப்படாது."

பெரிய வட்டம்.

"கடற்கரையில மண் அள்ளப்படாது."

பெரிய வட்டம். நாங்கள் இருந்த அறையின் நிலமே அங்கே அள்ளிய மண்தான். அவள் கண் நிலத்துக்குப் போய்விட்டு வந்தது. நல்ல பிள்ளை, அடுத்த வசனத்துக்குப் போய்விட்டாள்.

"பின்னுக்கு வாற பிள்ளைகள் நல்லா இருக்கிறதுக்கு நாம இப்ப கஷ்டப்பட்டாலும் பரவாயில்ல."

பெரிய வட்டம். இப்படியே போனால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று எனக்கு உடம்பு கொஞ்சம் இளகியது.

"கடலுக்குக் கிட்ட ஆக்கள் வீடு கட்டி இருக்கப்படாது. அந்த இடத்த மரங்களுக்கு விடவேணும்."

மரைக்கார் சொன்னபடி ஓம்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். விரல் பெரிய வட்டத்தில் போய் நின்றது. ஆனால் அதுவரைக்கும் சொன்ன ஓம் எல்லாம் நுனி நாக்கில் இருந்து வந்தவை. இது வயிற்றுக்குள் இருந்து வந்தது.

என் மூத்த மகள் மர்ழியாவுக்கும் இதே வளவில்தான் வீடு கட்டிக் கொடுத்தேன். காற்று வரட்டும் என்று வாசலைக் கடலுக்குப் பார்த்து வைத்ததும் நான்தான். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் ஜெஸீலாவும் பெரிய தெருவில் பாண் வாங்கப் போயிருந்தோம். மர்ழியாவை வேலிக் கம்பிக்குள் இருந்து எடுத்தோம். அவளுடைய கைப்பிள்ளையை இன்றுவரைக்கும் காணவில்லை. எனக்குக் கடலுக்குப் பயம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கடற்கரையில் பிறந்த பொம்பிளை நான். சுபஹுக்கு எழும்பினால் கடல் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தொழுகைக்கு வுளூ எடுப்பேன். ஓர் அலை கொஞ்சம் உரத்து விழுந்தாலும் எழும்பி வாசலுக்கு வந்துவிடுவேன். இந்தப் பயத்தை வைத்துக்கொண்டுதான் இரண்டாவது மகளுக்கும் அதே மண்ணில் கல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தர்சிகா தாளைப் புரட்டினாள். இன்னும் சில வசனங்கள் வாசித்தாள். அவற்றுக்கும் விரல் தன்பாட்டில் போயிற்று. பிறகு வாசித்தாள்:

"கடற்கரையில பிறந்த ஆக்கள், என்ன ஆபத்து இருந்தாலும் அங்கயே வீடு கட்டி வாழலாம்."

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"இல்ல," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல மகள். ஏலா. புள்ளகள் இருக்கிற எடமில்ல இது."

என் விரல் சின்ன வட்டத்தில் நின்றது. அவள் அதன்படி புள்ளடி போட்டாள். போட்டுவிட்டு மெல்ல, "எங்கட அம்மாவும் சுனாமியிலதான் போனவ உம்மா," என்றாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு மரைக்காரும் நினைவில்லை, டோசரும் நினைவில்லை.

அவள் படலையைத் தாண்டிப் போன பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு விளங்கிற்று. கூப்பிட்டு மாற்றச் சொல்வோமா என்று எழும்பினேன். படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். பின்னேரம் மரைக்கார் ஆள் அனுப்பி, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். "எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொன்ன," என்று சொல்லி அனுப்பினேன். ஆசியா உம்மாவும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அவள் கேக்க முந்தியே ஓம் எண்டு சொல்லிட்டன் கா, அந்தப் புள்ளக்கி மூச்சு விடவும் எடம் குடுக்கல்ல," என்று பெருமை அடித்தா. எனக்குச் சிரிக்க வரவில்லை.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை அல்லாஹ்தான் அறிவான். தெருவில் ஒரு லொறி உறுமினாலும் டோசர் என்று ஓடிவந்து பார்ப்பேன். ஒழுங்கையில் யாராவது செங்கல் இறக்கினால், இந்தக் கல்லை எல்லாம் இடித்துப் போட ஒரு பேப்பர் கொடுத்துவிட்டேனே என்று குற்றம் செய்தது போல மனசு குமையும். ஒரு பக்கம் கந்தோர்க்காரர் வந்துவிடுவார்களோ என்று பயம். மறுபக்கம் வராமல் விட்டுவிடுவார்களோ, பிள்ளை இங்கேயே இருந்துவிடுவாளோ என்று பயம். இரண்டையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஓடு ஏற்றினேன்.

ஓடு ஏறிய கிழமையே அக்கரைப்பற்றில் இருந்து மாப்பிள்ளையின் தாய் ஆயிஷா உம்மா ஆட்களோடு வந்தா. தடித்த, சிரித்த முகக்காரி. குடிக்குப் பெரியவர் என்று காலிதீன் மரைக்காரும் வந்து கதிரையில் இருந்தார். புதுப் பாயும் புதுச் சீமெந்தும் மணக்கிற அறையில் நாள் குறிக்கிற கதை தொடங்கிய நேரம், படலையில் தர்சிகா நின்றாள்.

நான் கையில் இருந்த வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தேன்.

"உம்மா, ஒருக்கா தனியாக் கதைக்கலாமா?" என்றாள்.

நான் எழும்ப முந்தி மரைக்கார் கையைக் காட்டி என்னை இருத்தினார். "என்ன கதையெண்டாலும் குடிக்கு முன்னால கதை புள்ள. இஞ்ச ஒளிவு மறைவு ஒண்டுமில்ல."

அவள் சின்னப் பிள்ளை. பெரிய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. என்னைப் பார்த்தாள், மரைக்காரைப் பார்த்தாள், திக்கித் திக்கிச் சொன்னாள்.

"பேப்பர்ல ரெண்டு கேள்விய எதிரும் புதிருமா வெச்சிருக்கம். மனசுல உள்ளதச் சொல்றாங்களா, சும்மா சொல்றாங்களா எண்டு பாக்கிறதுக்கு. கடலுக்குக் கிட்ட இருக்கப்படாது எண்டதுக்கும் இந்த ஒழுங்கையில எல்லாரும் ஓம். இருக்கலாம் எண்டதுக்கும் ஒராளத் தவிர எல்லாரும் ஓம். ரெண்டுக்கும் ஓம் எண்டா அதக் கணக்குல எடுக்கேலாது எண்டு எங்கட கெம்பஸ் சேர் சொல்லிட்டார். அந்த ஒராள்ற பேப்பர் மட்டுந்தான் சரி. அதத்தான் இந்த ஊர்ப் பெரியாக்கள்ற எண்ணமெண்டு எழுதச் சொல்றார். ஒரு பேப்பர மட்டும் வெச்சு எழுத எனக்கு மனமில்ல. அதான் ஒருக்காக் கேட்டுட்டுப் போவமெண்டு வந்தன்."

"ஆர்ர பேப்பர்?" என்றார் மரைக்கார்.

அவள் கண் என்னிடம்தான் இருந்தது.

"என்ன கேள்வி அது? என்ன சொன்னீங்க சம்மந்தி?" என்று ஆயிஷா உம்மா வெற்றிலையை வாயில் வைக்காமல் கேட்டா. மரைக்கார் கதிரையில் முன்னுக்குச் சாய்ந்து என்னைப் பார்த்தார். உள் அறை வாசல் திரைக்குப் பின்னால் ஜெஸீலாவின் கால் தெரிந்தது. அந்தக் கால் அசையவே இல்லை.

தர்சிகா எனக்குப் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, தாளை எனக்கு நேரே பிடித்தாள். "நீங்க சொன்னத்தத்தான் நான் எழுதின. சரியெண்டா அப்படியே குடுப்பன். பிழையெண்டா இப்பவே மாத்துறன். நீங்க சொல்லுங்க உம்மா."

சரி என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் எழும்பிப் போய்விடுவார்கள், மரைக்காரும் எழும்பிப் போய்விடுவார். இந்த வயதில் என் மகளுக்கு வேறொரு மாப்பிள்ளையை நான் எங்கே தேட? பிழை என்று சொன்னால் அவள் இந்த வீட்டில் வாழ்வாள். இந்த வீட்டில் பிள்ளை பெறுவாள். வெளியில் அலை விழுந்தது. அந்தச் சத்தம் என்னைத் தவிர அங்கே யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

"எனக்கு அண்டைக்கு விளங்கல்ல மகள்," என்றேன். "எழுத்து வாசனை இல்லாத பொம்புள. அதுக்கும் ஓம் எண்டே போடு."

"உண்மையாத்தான் சொல்றீங்களா?"

"ஓம்."

அவள் அந்தச் சின்ன வட்டத்தை வெட்டிவிட்டுப் பெரிய வட்டத்தில் புள்ளடி போட்டாள். "அப்ப இந்த ஒழுங்கையில ஒரு பேப்பரும் கணக்குல எடுக்கேலாது," என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று மரைக்கார் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "பழைய ஆக்கள்தானே, கேள்வி விளங்காமப் போறது சகஜம்." ஆயிஷா உம்மா எழும்பி வீட்டைச் சுற்றிப் பார்த்தா. கடல் பக்கத்து யன்னலைத் திறந்துவிட்டு, "என்ன காத்து கா! எங்கட பக்கம் இப்படி ஒரு காத்துக்குத் தவம் கெடக்கணும்," என்று சொல்லி என் தோளைத் தட்டினா. பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று நாளும் குறித்தாயிற்று.

நான் தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குள் போனேன். ஜெஸீலா கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு நின்றாள். கடைசிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்டைக்கு நீங்க இல்ல எண்டு சொன்னது எனக்குக் கேட்டது உம்மா," என்றாள். "சுவருக்குத் தண்ணி அடிச்சிக்கிட்டு நிண்டனான்."

"அது போகட்டும் மகள். இப்ப எல்லாம் சரி."

"நீங்க அதுலயே நிப்பீங்க எண்டு பாத்தன். நிண்டிருந்தா நானும் வெளிய வந்து சொல்லியிருப்பன்."

"என்னத்தச் சொல்லியிருப்ப?"

"எனக்குப் பயமா இரிக்கி உம்மா." முன்னறைக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னாள். "இந்த வீட்டுல என்னால இரிக்க ஏலா. தண்ணி வந்தா எந்தப் பக்கத்தால ஓடுற, புள்ளய எந்தக் கையில தூக்குற எண்டு எல்லாம் பாத்து வெச்சிரிக்கன். இன்னும் பொறக்காத புள்ளய, உம்மா."

"ஏன்டி எனக்கிட்டச் சொல்லல்ல?"

"எனக்காகத்தானே கட்டினீங்க. உங்களுக்குப் பயமில்ல எண்டு நெனச்சன்."

"சம்மந்தி, மருமகள் கையால ஒரு தேத்தண்ணி வருமா வராதா?" என்று முன்னறையில் இருந்து ஆயிஷா உம்மா சிரித்துக்கொண்டு கேட்டா. எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஜெஸீலா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு முன்னறைக்குள் போனாள். நான் அவளைக் கூப்பிடவில்லை.